மடுல்கெல்ல மலையில் இயந்திரம் எந்த வேலையை எடுக்கிறது?

செயற்கை நுண்ணறிவு தோட்டத் தொழிலாளியின் வேலையைப் பறிக்குமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மலையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். கொழுந்து கிள்ளும் பெண்ணின் இடத்தில் நாளை ஒரு ரோபோ வந்து நிற்குமா என்பதே அவர்கள் கவலை. சற்றுக் கீழே இறங்கி, ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய், சலிக்கும் அறையைப் பார்த்தால் விடையில் ஒரு பகுதி அங்கே கிடைக்கும்.

மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்து வாட்டப்பட்டு, அரைபட்டு, காற்றுப்பட்டு நிறம் மாறி, சூட்டில் காய்ந்து தேயிலையாகிறது. அப்போதும் அதில் குச்சித் துணுக்குகளும் நாரும் செம்பழுப்பாகத் தெரியும். அவை கலந்திருந்தால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது முன்பு பெண்களின் வேலை. முன்னால் தேயிலையைப் பரப்பி வைத்துக்கொண்டு, வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கறுப்புத் துகள்களுக்கு நடுவில் பழுப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணை ஊன்றித் தேடி, விரல் நுனியால் எடுப்பார்கள். மலையேற முடியாத வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் ஏற்ற வேலை அது. அட்டைக்கடி இல்லை, குளவி இல்லை, மழை இல்லை.

இன்று பெரும்பாலான ஸ்டோர்களில் அந்த வேலையைச் செய்வது 'கலர் சோர்ட்டர்' என்று எல்லோரும் சொல்லும் இயந்திரம். சரிவான தகடுகளின் வழியே தேயிலை நூல்பிடித்தாற்போல் விழும். விழும் வழியில் கேமராக்கள் ஒவ்வொரு துகளின் நிறத்தையும் பார்க்கும். குச்சி என்று தீர்மானித்த கணத்தில் நுண்ணிய குழாயிலிருந்து ஒரு காற்றுத் தெறிப்பு புறப்பட்டு, அந்த ஒரு துகளை மட்டும் தள்ளிவிடும். பழைய இயந்திரங்கள் நிறத்தை மட்டும் பார்த்தன. புதியவற்றில் ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கிய மென்பொருள் இருக்கிறது. அது வடிவத்தையும் பார்க்கிறது. கண்ணால் பார்த்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று பிரிக்கும் மனித வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட கதை மலைநாட்டில் இப்படித்தான் தொடங்கியது. மலையகத்தின் சம்பளப் போராட்டங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். குச்சி பொறுக்கிய பெண்கள் எங்கே போனார்கள் என்பதைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் பாதையில் இருக்கிறது மடுல்கெல்ல. தேயிலை வியாபாரத்தில் இடைநாட்டுத் தேயிலை என்று வகைப்படுத்தும் உயரம் இது. நுவரெலியாவின் மணமும் இல்லை, தெற்கின் தாழ்நாட்டுத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையும் இல்லை என்று இடையில் மாட்டிக்கொண்ட வட்டாரம். இயந்திரம் வேலையை அழிக்குமா, பெருக்குமா என்ற விவாதத்தில் இருதரப்பும் சொல்லும் எல்லாமே இந்த மலையில் ஒருமுறையாவது நடந்து முடிந்திருக்கிறது. அதனால்தான் இந்த வட்டாரத்தை வைத்துப் பேசுகிறேன்.

முதலில் இங்கே தேயிலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கெலபொக்க, நக்கிள்ஸ் சரிவுகள் கோப்பிக்குப் பெயர்போனவை. கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் மாதங்களுக்குத்தான் கூட்டம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்தவர்கள், அறுவடை முடிந்ததும் கையில் மிஞ்சியதோடு திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாகக் காய்ந்தது. 1884 மே மாதம், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்களை நடத்திய துரைமார் ஊரைவிட்டுப் போனார்கள். தொழிலாளிகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி நின்றது. தோட்டத்தை விற்றால் அந்தப் பணத்தில் முதல் உரிமை தொழிலாளியின் சம்பளத்துக்கே என்று சொல்லும் சட்டம் அதே ஆண்டில்தான் வந்தது. ஒரு பூஞ்சணம் ஒரு தொழிலையே தின்றபோது, அதன் இழப்பை யார் தலையில் இறக்குவது என்பதை வங்கியும் துரையும் சட்டமும் சேர்ந்தே தீர்மானித்தன. பூஞ்சணத்துக்கு அதில் பங்கில்லை.

கோப்பியின் இடத்தில் தேயிலை வந்தது. இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருடைய தொழிற்சாலை என்பது பங்களாவின் வராந்தா. வாடிய கொழுந்தை மேசையில் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி ஆட்கள் கையால் உருட்டினார்கள். மண் அடுப்புக் கரிச் சூட்டில் காயவைத்தார்கள். 1870களில் அசாமில் வில்லியம் ஜாக்சன் தேயிலை உருட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதே பத்தாண்டில் சாமுவேல் டேவிட்சன் 'சிரோக்கோ' என்ற உலர்த்தியைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் இரண்டும் இலங்கை மலைகளில் ஏறிவிட்டன. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய ஸ்டோரையே தேயிலை நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்து இயந்திரங்கள் அங்கே நிற்கின்றன. ஓர் உருட்டும் இயந்திரத்தின் பித்தளை மேசைக்கு அருகில் நின்று பார்த்தால், எத்தனை பேருடைய கை வேலையை அது ஒரு சுற்றில் முடித்திருக்கும் என்று புரியும்.

உருட்டும் கைகள் தேவையில்லாமல் போனபோது தோட்டங்களில் வேலை குறைந்ததா? குறையவில்லை, பல மடங்கு கூடியது. தயாரிக்கும் செலவு விழுந்தது, லண்டனில் இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையைத் தள்ளிக்கொண்டு முன்னேறியது. 1880இல் 15,000 ஏக்கரைக்கூடத் தொடாத தேயிலை, நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ நான்கு லட்சம் ஏக்கரில் நின்றது. ஸ்டோரில் இயந்திரம் எவ்வளவு வேகமாக உருட்டினாலும், மலையில் கொழுந்தைக் கையால்தான் கிள்ள வேண்டும். ஏழு நாளுக்கொரு தடவை, ஆண்டு முழுவதும். கோப்பிக் காலத்தில் வந்து போனவர்கள், தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். இயந்திரம் ஒரு வேலையை அழித்து, பக்கத்திலேயே பத்து வேலையை உண்டாக்கும் என்று இன்று பொருளியலாளர்கள் சொல்லும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அந்தப் பத்து வேலை என்ன வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. அந்தத் துண்டைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1901இல் தொடங்கிய தகரச் சீட்டு முறையில், வரும் ஆள் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் தகடு கழுத்தில் தொங்கியது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. உலகச் சந்தையில் தேயிலை கொழித்த அந்த நாற்பது ஆண்டுகளில், கொழித்தவர்களின் பட்டியலில் கொழுந்து பறித்தவர்கள் இல்லை. வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு தொழில்நுட்பத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த மலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சாட்சி சொல்லியிருக்கிறது.

மக்களை இங்கிருந்து பெருந்தொகையில் அகற்றிய அடுத்த நிகழ்வுக்கும் இயந்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்குபோட்டார்கள். கண்டி ரயில் நிலையத்தில் குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுத காலம் அது. நாளைய இயந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள், ஒரு கையெழுத்து எத்தனை லட்சம் பேரின் தொழிலையும் வீட்டையும் ஒருசேர எடுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பகுதி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. எல்லாம் போகவில்லை. கண்டி, மாத்தளைப் பக்கங்களில் கம்பனிகளின் கைக்குப் போகாத இடைநாட்டுத் தோட்டங்கள் பல அரசிடமே எஞ்சின. ஜனவசம என்ற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டம் ஆகிய மூன்றும் இன்றுவரை அரசின் கையில் இருப்பவை. தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் பணிக்கொடையையும் ஒழுங்காகச் செலுத்தாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பதாக நாடாளுமன்றக் குழுக்களின் முன் திரும்பத் திரும்ப வந்த நிறுவனங்களும் இவையே. பல மலைகளில் தேயிலைச் செடி நூறு வயதைத் தாண்டியது, விதையிலிருந்து முளைத்தது. மறுநடுகை இல்லை. செடி செத்த இடத்தில் மானாப் புல்லும் பற்றையும் ஏறிவிட்டன. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த திடீர்த் தடை, ஏற்கெனவே பலமில்லாத செடிகளை மேலும் அடித்தது. 2013இல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடிக்கு இறங்கியது.

கம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேலிருந்த பெருந்தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிக்கும் கீழே. இதை எந்த ரோபோவும் செய்யவில்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும், பல்லேகல தொழிற்பேட்டைக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மத்திய கிழக்குக்கும் போனார்கள். நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்போது சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் தெற்கில் இருக்கிறார்கள். மடுல்கெல்லயில் தேயிலை மலைக்கு நடுவில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் கூடார விடுதியும் வந்திருக்கிறது. அங்கே சிலருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் லயம் லயமாக வாழும் ஒரு சனத்தொகைக்கு அது மாற்றுத் தொழில் ஆகாது.

ஆக, செயற்கை நுண்ணறிவு வந்து சேரும் மலையில் ஏற்கெனவே ஆள் குறைந்துவிட்டது. இந்தச் சூழலில் கொழுந்து கிள்ளும் இயந்திரம் வருமா?

கையின் வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 'இரண்டு இலையும் ஓர் அரும்பும்' என்று சொல்வது எளிது. ஒரு செடியின் தலையில் ஐம்பது அறுபது தளிர் இருக்கும். சில பறிக்கும் பருவத்தில் இருக்கும், சிலவற்றை அடுத்த வாரத்துக்கு விட வேண்டும், சிலவற்றில் அரும்பு உறங்கிப்போய் இலை மட்டும் முற்றியிருக்கும். உறங்கியதை எடுத்து எறியாவிட்டால் செடி தளிர்க்காது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தண்டை நகம் படாமல் ஒடிக்க வேண்டும். நசுங்கினால் கொழுந்து கூடைக்குள்ளேயே சிவந்துபோகும். இதை இரண்டு கையாலும், இரண்டு வெவ்வேறு இடங்களில், கால் வழுக்கும் சரிவில் நின்றுகொண்டு, முதுகில் பாரத்தோடு செய்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால் நான்கு கிலோ தேயிலை.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், விலையுயர்ந்த பச்சைத் தேயிலைக்கான தளிரைக் கேமராவால் இனங்கண்டு கிள்ளும் ரோபோக்களைப் பரிசோதித்திருக்கிறார்கள். தளிரை அடையாளம் காண்பதில் அவை நன்றாகவே தேறியிருக்கின்றன. காற்றில் அசையும் தளிர், இலைக்குப் பின்னால் மறைந்த தளிர், சக்கரம் நிற்காத சரிவு ஆகியவைதான் பிரச்சினை. அங்கே செடிகள் வேலிபோல் வரிசையாக, ஒரே வகையாக இருக்கின்றன. மடுல்கெல்லயின் பழைய மலைகளில் செடிக்குச் செடி உயரம் வேறு, இடைவெளி வேறு, நடுவில் கல்லும் கானும். இங்கே அந்த ரோபோவைப் பார்க்க இன்னும் நெடுங்காலம் ஆகும் என்று துணிந்து சொல்லலாம். தேயிலை கிள்ளும் பெண்ணை ரோபோவிடமிருந்து இப்போதைக்குக் காப்பாற்றி நிற்பது, அவளுடைய கால் வழுக்கும் அதே சரிவுதான்.

ஆனால் புத்திசாலி ரோபோ வராமலே, புத்தியில்லாத இயந்திரம் வேலையை எடுக்க முடியும். கென்யாவின் கெரிச்சோவில் அதுதான் நடந்தது. அங்கே நிலம் அவ்வளவு செங்குத்து இல்லை. தளிரையும் முற்றலையும் சேர்த்து வெட்டும் எந்திரங்களைக் கம்பனிகள் இறக்கின. ஓர் எந்திரம் நூறு பேரின் வேலையைச் செய்யும் என்றார்கள். பத்தாண்டுக் காலத்தில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 30,000 வேலைகள் போனதாக உள்ளூர் அரசு அமைத்த குழு கணக்கிட்டது. 2023 மே மாதம் தொழிலாளிகள் தோட்டத்தில் புகுந்து எந்திரங்களைக் கொளுத்தினார்கள். ஓர் உயிர் போனது. அந்த எந்திரத்துக்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவைப்படவில்லை. தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கம்பனி முடிவெடுத்தால் போதும்.

இலங்கையிலும் தலவாக்கலையிலிருந்து இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் கொழுந்து வெட்டும் கத்தரிகளையும் கைக்கருவிகளையும் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. நீலகிரியிலும் வால்பாறையிலும் அவை சாதாரணமாகிவிட்டன. உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூலிக்கே போகிறது என்பது கம்பனிகள் ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் வைக்கும் கணக்கு. கத்தரி பிடித்தால் பறிக்கும் அளவு கூடும். கூடும் அளவுக்குச் சம்பளமும் கூடுமா, அல்லது 'நோர்ம்' என்ற நாளாந்த இலக்கை உயர்த்திவிட்டு அதே நாளுக்கு அதே சம்பளம்தான் கொடுப்பார்களா? இலக்கை எட்டாதவருக்கு 'அரைப்பேர்' (அரைநாள் சம்பளம்) போடும் வழக்கம் உள்ள இடத்தில் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இனி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு தோட்டத்துக்குள் நுழையும் உண்மையான வாசல் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

முன்பு கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார், கிலோவைச் சொல்வார், புத்தகத்தில் எழுதுவார். படங்குக்கும் ஈரத்துக்கும் என்று இத்தனை கிலோ கழிப்பார். இந்தக் கழிவைப் பற்றிய மனக்குறை இல்லாத தோட்டம் மலைநாட்டில் அரிது. மழை பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழித்தார்கள் என்று பெண்கள் சொல்லிக் கேட்காதவர் இருக்க முடியாது. இப்போது கம்பனித் தோட்டங்கள் பலவற்றில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. தொழிலாளியின் இலக்கத்தோடு எடை நேராகக் கணினிக்குப் போகிறது. யார், எந்த மலையில், எந்த நேரத்தில், எவ்வளவு பறித்தார் என்பது அன்று மாலையே துரையின் திரையில் தெரியும்.

அந்தத் தராசு பொய் சொல்லாது. சரியாகப் பயன்படுத்தினால் தொழிலாளிக்கு அதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் தராசு காட்டும் எடையிலிருந்து எத்தனை கிலோ கழிப்பது என்று ஒருவர் கணினியில் ஓர் எண்ணைப் பதித்து வைக்கலாம். அப்போது கழிவு கணக்கப்பிள்ளையின் வாயிலிருந்து வராது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம், சத்தம் போடலாம், சங்கத் தலைவரைக் கூட்டி வரலாம். பதித்து வைத்த எண்ணோடு யாரிடம் போய் வாதாடுவது? ஆறு மாத எடைக் கணக்கை மென்பொருளிடம் கொடுத்தால், யார் சோர்ந்துவருகிறார், யாரை நிரந்தரப் பட்டியலிலிருந்து கைக்காசுப் பட்டியலுக்கு மாற்றினால் செலவு குறையும் என்று அது வரிசைப்படுத்தித் தரும். தகரச் சீட்டுக் காலத்தில் தோட்டம் தொழிலாளியைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட இது ஆயிரம் மடங்கு. தொழிலாளிக்குத் தோட்டத்தைப் பற்றித் தெரிவது மட்டும் கூடவில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தன் எடைக் கணக்கைத் தன் மொழியில் தனக்குத் தா என்று ஒரு கொழுந்துத் தொழிலாளி கேட்பதற்கு அதைக் கருவியாக்க வேண்டும்.

இன்னொரு வாசல் மலையிலேயே இல்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மடுல்கெல்லயில் ஒரு தாய் கூடையைச் சுமப்பது மகளும் சுமக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மகள் உயர்தரம் படித்து, ஓர் எழுதுவினைஞராகவோ, கடையில் கணக்கு எழுதுபவராகவோ, கண்டியிலோ கொழும்பிலோ குளிரூட்டிய அறையில் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்பவராகவோ ஆக வேண்டும் என்பதற்காகத்தான். சர்வதேச தொழிலாளர் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, மொழியைக் கையாளும் புதிய செயற்கை நுண்ணறிவு எந்த வேலைகளைத் தொடும் என்று தொழில் வகைவாரியாகப் பார்த்தது. மற்ற எல்லா வகைகளையும்விட எழுத்தர் வேலைதான் அதிகம் சிக்கியது. அதிலுள்ள பணிகளில் 24 சதவீதம் மிக அதிகமாகவும் இன்னும் 58 சதவீதம் நடுத்தரமாகவும் இயந்திரத்துக்கு வெளிப்பட்டிருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். வறிய நாடுகளில் மொத்தத்தில் பாதிப்பு குறைவு என்றும் அந்த ஆய்வு சொன்னது. அங்கே எழுத்தர் வேலையே குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். ஆறுதலாகச் சொல்லப்படும் இந்தச் செய்தி, மலையகத்துக்கு ஆறுதல் இல்லை. நாட்டுச் சராசரியில் எழுத்தர் வேலை சிறு பங்காக இருக்கலாம். லயத்திலிருந்து வெளியேற நம் பிள்ளைகளுக்கு இருந்த சில படிகளில் அது முதற்படி. ஆடைத் தொழிற்சாலையில் தையல் பிழையைக் கண்ணால் தேடும் தரப் பரிசோதனை வேலையும் கேமராவுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. குச்சி பொறுக்கிய பெண்களின் கதையேதான்.

இதே கருவி நமக்கு உதவும் இடமும் இருக்கிறது; அதை மறைப்பது நியாயமில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்றானது. அதன் பிறகும் தோட்டத்து வீட்டுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவதும், அதை வாசிக்க ஆள் தேடி அலைவதும் நிற்கவில்லை. இன்று ஒரு பிள்ளை கடிதத்தைப் போனில் படம் பிடித்து, அரைகுறையாகவேனும் தமிழில் வாசித்துக் காட்டுகிறது. சேமலாப நிதிக்கு எந்தப் படிவம், பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையானால் எங்கே போவது என்று கேட்டால் பதில் வருகிறது. இடைத்தரகருக்கு இருநூறு ஐந்நூறு என்று கொடுத்த காசு மிச்சமாகிறது. இந்த உதவியைச் சிறிதென்று நான் நினைக்கவில்லை. எடைக் கணக்கையும் சம்பளச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இதே போன் தொழிலாளிக்காகச் செய்ய முடியும். கணக்கை அவர் கையில் கொடுத்தால்தான்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது. இயந்திரம் வந்துவிட்டது, நீ போ என்று எடுத்தவுடன் சொல்ல முடியாது. நல்ல சட்டம். ஆனால் நடைமுறையில் அது காப்பது நிரந்தரத் தொழிலாளியை. பெயர்ப் பட்டியலில் இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்பவர்களுக்கும், மலையில் ஒரு துண்டைப் பிரித்துக் குடும்பத்திடம் ஒப்படைத்துக் கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் 'அவுட்குரோவர்' முறையில் இருப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுக்குச் சேமலாப நிதியும் இல்லை. தொழிலாளியை 'நீதான் இனி உற்பத்தியாளர்' என்று அழைக்கும் கம்பனி, நிலத்தின் உறுதியை மட்டும் அவர் பெயரில் எழுதுவதில்லை.

கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த ஒப்பந்தங்களில் நமக்கு எத்தனையோ குறைகள் இருந்தன. 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவைத் தீர்மானித்தபோது கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகின. அன்றிலிருந்து பேச்சு முழுவதும் ஒரே ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் அடிப்படைச் சம்பளம் 1,350இல் நின்றது. 2025 நவம்பரில் முன்வைத்த வரவு செலவுத் திட்டம் நாளுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகையை 1,750 ஆக்க முன்மொழிந்தது. அதில் 200 ரூபா வேலைக்கு வந்த நாளுக்காக அரசு கொடுக்கும் பணம். நாட்சம்பளம் முக்கியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தராசில் யார் எண்ணைப் பதிப்பது, கத்தரி வந்தால் நோர்ம் எவ்வளவு, கலர் சோர்ட்டரால் மிச்சமான கூலி எங்கே போனது என்பவற்றைப் பேச இன்று மேசையே இல்லை.

எனவே தொழிற்சங்கங்களிடமும், அவற்றுக்குச் சந்தா கட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாவோடு சேர்த்து நான்கு விஷயங்களையும் எழுத்தில் கேளுங்கள். மின்னணுத் தராசு உள்ள ஒவ்வொரு மடுவத்திலும், நிறுத்த எடையும் கழித்த எடையும் தனித்தனியாக அச்சிட்ட தமிழ்ச் சீட்டு அந்த இடத்திலேயே தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். எந்தக் கருவியைக் கொண்டுவரும் முன்னும் அதனால் நோர்ம் மாறுமா என்று தோட்டக் கமிட்டியோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். கருவியை இயக்கும் பயிற்சி முதலில் அதே தோட்டத்துப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். ஸ்டோர் இயந்திரங்களைப் போல அதையும் ஆண்களிடம் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கைவிடப்பட்டுப் பற்றையான மலைகளை, உறுதிப்பத்திரத்தோடு அங்கேயே வாழும் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பன்விலவிலும் மடுல்கெல்லயிலும் அப்படிக் கிடக்கும் நிலத்தைக் காட்ட யாரும் படம் வரைந்து தர வேண்டியதில்லை. பஸ்ஸில் போனாலே தெரியும்.